ஐந்நூறு ரூபாய் மிளகு

மிளகு கிலோ 700 ரூபாயை எட்டிப் பார்த்தாலும் பார்த்தது, அந்தப் பெருமை முழுக்க ஒரு சட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "500 ரூபாய் விதி மட்டும் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே கொடியை அறுத்துப் போட்டிருப்போம்" என்று தோட்டக்காரர்கள் பேசுகிறார்கள். அந்த விதியை இன்னும் உயர்த்த வேண்டும் என்ற குரலும் கூடவே கேட்கிறது. தாண்டிக்குடியிலோ கொல்லிமலையிலோ சில்வர் ஓக் மரத்தில் நாலு கொடி ஏற்றி வைத்திருப்பவர் அப்படி நம்பினால் அதில் தப்பில்லை. விவரம் தெரிந்தவர்களும் அதையே சொல்வதுதான் உறுத்துகிறது.

வெளிநாட்டு மிளகின் விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் அறிவித்தது. 2018 மார்ச்சில் அதை இறுக்கி, அதற்குக் கீழான விலையில் வரும் மிளகை இறக்குமதி செய்யவே தடை போட்டது. விதியில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வியட்நாம் மிளகு மலிந்து குவிந்த நேரத்தில் அரசு எங்களைக் கைவிடவில்லை என்ற தெம்பை அது விவசாயிக்குக் கொடுத்தது. கஜானாவுக்குச் செலவில்லை. சுங்க அதிகாரிக்கும் பில்லைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்த ஒரு பிடி கிடைத்தது.

ஆனால் விலை என்ன ஆயிற்று? 2016 வாக்கில் 700ஐ ஒட்டி நின்ற மிளகு, விதி வந்த பிறகும் இறங்கிக்கொண்டே போய் 2018-19இல் 400க்குக் கீழே விழுந்தது. பல ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் அது ஏறியதற்குக் காரணம் டெல்லி அல்ல. விலை கட்டாமல் வியட்நாம் விவசாயிகளே மிளகை விட்டு டுரியனுக்கும் காப்பிக்கும் மாறினார்கள். அங்கே விளைச்சல் சுருங்கியது. இன்று வியட்நாம் மிளகே 500 ரூபாயை ஒட்டியும் தாண்டியும் விற்கிறது. அதாவது தேவைப்பட்ட காலத்தில் காப்பாற்றாத விதி, தேவையில்லாத காலத்தில் பாராட்டு வாங்குகிறது.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். என் ஆட்சேபம் வேறு, அது பழையது. இந்த விதி மிளகின் விலையைப் பார்ப்பதில்லை, காகிதத்தில் எழுதிய விலையைப் பார்க்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையில் கிலோ 300 ரூபாய்க்குக் கிடைக்கும் மிளகு 10 டன். நேரே வியட்நாமிலிருந்து கொண்டுவந்தால் ஆசியான் ஒப்பந்தப்படியே வரி 50 சதவீதம். 500 என்று எழுதினால் வரி மட்டும் 250 ரூபாய், கட்டாது. அதே சரக்கு இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு வந்தால் கதையே வேறு. தெற்காசிய ஒப்பந்தத்தில் வரி 8 சதவீதம்தான். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன்னுக்கு வரியே கிடையாது. 300ஐ 500 என்று எழுதினால் 8 சதவீத வரி 24 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகும். பொய் சொல்வதற்கான செலவு கிலோவுக்கு 16 ரூபாய்! வரியில்லா ஒதுக்கீட்டில் வந்தால் அதுவும் மிச்சம்.

மீதிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கிலோவுக்கு 200 ரூபாய் வீதம் 10 டன்னுக்கு 20 லட்சம் ரூபாய் கூடுதலாக, வங்கி வழியாகவே, முறையான இன்வாய்ஸோடு நாட்டை விட்டுப் போகிறது. போனது போனபடி அங்கேயே தங்கலாம், உண்டியல் என்னும் ஹவாலா வழியில் திரும்பியும் வரலாம். விலையைக் குறைத்துக் காட்டி வரி ஏய்ப்பவரைப் பிடிக்கச் சுங்கத் துறைக்கு நூறு வருஷப் பழக்கம் உண்டு. கூட்டிக் காட்டுபவரை என்ன செய்வது? அவர் வரியும் கூடுதலாக அல்லவா கட்டுகிறார்!

இதில் அடிபடுபவர் நேர்மையான வியாபாரி. விலை வீழ்ந்த காலத்தில் இலங்கையின் மாத்தளையில் விளைந்த அசல் மிளகை 350 ரூபாய்க்கு விற்க நினைத்த ஏற்றுமதியாளர் ஒன்று வியாபாரத்தை விட வேண்டும், அல்லது 500 என்று கையெழுத்துப் போட வேண்டும். விதி தடுத்தது அவரை. பொய் எழுதத் துணிந்தவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

இதைவிட மோசமானது, புள்ளிவிவரத்துக்கு நேர்ந்த கதி. 2018-19இல் இந்தியா 13,540 டன் மிளகை ஏறத்தாழ 569 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது. வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 420 ரூபாய். அதே ஆண்டில் உள்நாட்டு விற்பனைக்கென வந்த மிளகில் ஒரு கிலோகூடச் சட்டப்படி 500க்குக் கீழே வந்திருக்க முடியாது. 420க்கு விற்கும் நாடு, உள்ளூரில் 400க்குக் கீழே கிடைக்கும் சரக்கை 500 கொடுத்து வாங்கியதாம். மலபார் மிளகுக்குப் பெயர் பெற்ற நாடு இப்படியொரு வியாபாரம் செய்தது என்று நம்பச் சொல்கிறார்கள். சாறு எடுத்து மறு ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு விலக்கு உண்டு, அந்தக் கணக்கு தனி என்பது உண்மைதான். அதைக் கழித்தாலும் இந்த முரண் தீராது. இறக்குமதி விலை என்று நாம் படிக்கும் எண் சந்தை சொன்னதல்ல, அரசாணை சொன்னது. காய்ச்சலை இறக்க முடியாமல் தெர்மாமீட்டரில் கோடு கிழித்த கதை இது. எவ்வளவு மலிவாக மிளகு உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே அளவும் அதோடு போயிற்று.

ஒரே எண் என்பதும் அபத்தம். கொள்முதல் கடையில் போய் நின்று பாருங்கள். வியாபாரி லிட்டர் படியில் மிளகை நிரப்பி, கோலால் தலைதட்டி, தராசில் வைப்பார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் ஒரு விலை. ஈரம் இருந்தால் கழிவு. இரண்டு மணியை விரலில் நசுக்கி, பொக்கு என்று கண்டால் பேச்சே மாறிவிடும். அடுத்தடுத்த மூட்டைக்கே விலை வேறாகிற பொருள் இது. அத்தனை தரத்துக்கும் டெல்லியில் ஒரே படி, அதுவும் ரூபாயில். 2017இல் 500 ரூபாய் என்பது 7 டாலருக்கு மேல். இன்று 6 டாலர்கூட இல்லை. கொட்டைப் பாக்குக்கு இதே மாதிரி வைத்த 251 ரூபாயை 2023இல் 351 ஆக்கினார்கள். மிளகுக்கு அதையும் செய்யவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். செய்யாததே நல்லது என்பேன்.

செய்ய வேண்டியது சான்றிதழைச் சோதிப்பது. எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கு இறக்குமதியாளரே ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2020இலேயே சுங்க விதி வந்துவிட்டது. இலங்கையில் எவ்வளவு விளைகிறது, அங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடுவதும் பெரிய வித்தையல்ல. டெல்லிக்கு மனு எடுத்துப் போகும் சங்கங்கள், எந்த நாட்டிலிருந்து, எந்தத் தரம், எந்தத் துறைமுகம் வழியாக, எவ்வளவு வந்தது என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடச் சொல்லிக் கேட்கட்டும். அதை விட்டு 500ஐ 700 ஆக்கி வாங்கி வந்தால், மறுபடி மிளகு 300க்கு விழும் நாளில் அந்த 16 ரூபாய் 32 ஆகும். 10 டன்னுக்கு வெளியே போகும் 20 லட்சம் 40 லட்சமாகும். விவசாயிக்கு ஒரு ரூபாயும் கூடாது.