ஆடிக் காற்றில் ஒரு சைக்கிள்

தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டிப் பூதப்பாண்டிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினால், பிச்சிப்பூ மணம் கொஞ்ச தூரம் கூடவே வரும். ஆடி மாதமென்றால் மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. முதுகைத் தாழ்த்தி, மூச்சுக்கு ஏற்ப நிதானமாக மிதிக்க வேண்டும். அந்தப் பொறுமை கைவந்துவிட்டால் செயினின் சன்னமான கரகரப்பும், வாய்க்கால் தண்ணீர் மடையில் இறங்கும் சளசளப்பும் தனித்தனியாகக் கேட்கும். நல்ல தாரில் டயர் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். பழைய ஊர்த் தெருவுக்குள் நுழைந்ததும் ஹேண்டில்பார் உள்ளங்கையில் லேசாக அதிரும்.

பழையாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தாங்கிக்கொள்ளும். பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரம் டிக்டிக்கென்று தன்பாட்டுக்கு உருளும். தாடகை மலையையும் நெல்வயலையும் அவசரமில்லாமல் ரசிக்க, எனக்கு இதைவிடத் தோதான வண்டி வேறில்லை.