சுவரைத் தொடாத ஒயர்

செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கையில் எலக்ட்ரீஷியன் உளியை எடுத்தாலே எனக்கு நெஞ்சு பதறும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர் அது. ஒருமுறை காடி எடுத்துவிட்டால், சிமென்ட் ஒட்டு காலத்துக்கும் தெரியும்.

கைதேர்ந்தவர் சுவர்ப்பக்கமே போவதில்லை. உத்தரத்தின் மேல்விளிம்பில் ஒயரை ஓட்டி, நிலையோரமாகத் தேக்குப் பட்டிக்குள் இறக்கி, சுவர் அலமாரிக்குள் பிளக் பாயின்ட்டை வைத்துவிடுகிறார். கதவைச் சாத்தினால் ஒன்றும் தெரியாது.

நான் சொக்கிப்போவது அந்தப் பட்டியில்தான். பழைய மரக் கேசிங்கில் இரண்டு காடிகள். இப்போது எர்த் கம்பிக்கென மூன்றாவதும் இழைக்கிறார்கள். மூடியின் பித்தளைத் திருகுகள் எல்லாம் வரிசை பிசகாமல், வெட்டு ஒரே திசை பார்த்து நிற்கும். ஏசிக்கு மட்டும் தனி ஒயர், தனி எம்சிபி. அதில் அழகுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.