மலையளவு பிழை: தன்னாய்வுச் சொல்லும் அதன் பெயர்ப்பும்

அரசியல் தலைவர் ஒருவர் தம் விழுமியங்களைத் தாமே ஆராய்ந்து எழுதும்போது, அவ்வெழுத்தை மொழிபெயர்ப்பவர் கருத்தை மட்டுமன்றி, அவர் தம்மை நோக்கும் கோணத்தையும் பெயர்க்க வேண்டியவராகிறார். காந்தியடிகளின் தன்வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் குஜராத்தி மொழியில் தொடராக வெளிவந்த அந்நூலின் ஐந்தாம் பாகத்து 33ஆம் இயல், இவ்வகையில் ஆராயத்தக்கது.

ரௌலட் சட்டத்தை எதிர்த்த இயக்கம் 1919 ஏப்ரலில் அகமதாபாத்திலும் கேடா மாவட்டத்திலும் வன்முறையாக மாறியது. சட்டத்தை மனமுவந்து மதித்துப் பழகாத மக்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தது தம் தவறே எனக் காந்தி நடியாத் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அவ்வொப்புதலைக் கூறும் இவ்வியலின் குஜராத்தித் தலைப்பு ‘மலையளவு பிழை’ என்னும் பொருளது. பிழையைக் குறிக்க அங்கு ஆளப்படுவது, வீட்டிலும் தெருவிலும் வழங்கும் எளிய சொல். அதன் வினை பிழைத்தலையும் மறத்தலையும் ஒருங்கே குறிக்கும்.

ஆங்கில நூலில் இத்தலைப்பு ‘ஹிமாலயன் மிஸ்கால்குலேஷன்’ என அமைந்தது. அந்நூலின் பெரும்பகுதியை மகாதேவ தேசாய் மொழிபெயர்த்தார். அவர் பர்தோலி சென்றிருந்தமையால் இவ்வியல் உள்ளிட்ட 15 இயல்களைப் பியாரேலால் பெயர்த்தார். இரு தலைப்புகளுக்கும் இடையே இரண்டு மாற்றங்கள் புலனாகின்றன. முதலாவது, பொதுப்பெயரான மலை, சிறப்புப் பெயரான இமயமாயிற்று. இரண்டாவது, பிழை கணக்குத் தவறாயிற்று. பிழை செய்தவன் வருந்துகிறான். கணக்குத் தவறியவனோ திருத்திக்கொள்கிறான். முன்னது ஒழுக்கம் பற்றியது. பின்னது மதிப்பீடு பற்றியது. எனினும், ஆங்கிலச் சொல்லை முற்றிலும் பொருந்தாதது எனத் தள்ளிவிட இயலாது. மக்களின் ஆயத்தநிலையைத் தவறாக மதிப்பிட்டதே நிகழ்ந்தது என்பதால், செயலின் தன்மையை அது துல்லியமாகக் காட்டுகிறது. அது காட்டாதது செய்தவரின் மனநிலையை மட்டுமே.

தமிழில் நிலைபெற்ற ‘இமாலயத் தவறு’ என்னும் தொடர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் அடை ஆங்கிலத்தோடு ஒத்தது. பெயரோ குஜராத்தியின் எளிமைக்கு அணித்தானது. எனவே கணக்கு நீங்கிப் பிழை மீண்டது எனலாம். ஆனால் அடையில் ஓர் இழப்பு உண்டு. தம் தவற்றைப் பெரிதாக்கும் கண்ணாடி வழியாகவும் பிறர் தவற்றை அதற்கு மாறாகவும் காண வேண்டும் என்பதே அவ்வியலில் காந்தி கூறும் நெறி. மலை என்னும் உருவகம் இந்நெறியிலிருந்தே பொருள் பெறுகிறது. அது பிழையின் அளவன்று, நோக்கின் அளவு. இமயம் என்ற பெயரோ உயர்வையும் புனிதத்தையும் உடன் கொணர்கிறது; தன்னைத் தாழ்த்தும் கூற்றும் அதனால் பெருமிதம் பெற்றுவிடுகிறது.

இத்தொடரின் பிற்கால வழக்கு இவ்விழப்பை உறுதிப்படுத்துகிறது. ‘இமாலய வெற்றி’, ‘இமாலயச் சாதனை’ எனச் செய்தித்தாள்களில் அடை தனித்து வழங்குகிறது. ‘இமாலயத் தவறு’ என்பதும் எதிர்க்கட்சியைச் சாடும் மேடைச் சொல்லாக ஆளப்படுகிறது. தன்மைக்கு உரியதாய்ப் பிறந்த தொடர் படர்க்கைக்கு உரியதாயிற்று. கண்ணாடி பிறர்பக்கம் திரும்பிவிட்டது.

ஆதலின் தன்னாய்வு எழுத்தைப் பெயர்ப்பவர், சொல்லின் பொருளோடு அச்சொல்லை யார், யாரை நோக்கிக் கூறுகிறார் என்பதையும் காத்தல் வேண்டும். குஜராத்தித் தலைப்பைத் தமிழில் ‘மலையளவு பிழை’ என்றே வைப்பது பழகிய தொடரின் எடுப்பை இழக்கச் செய்யும். ஆயின் அவ்வெடுப்பின்மையே மூலத்தின் பண்பாகும்.