‘நான், டேனியல் பிளேக்’: படிவத்தின் முன் மனிதன்

ஒரு சமுதாயம் தன் வறியோரை எவ்வாறு நோக்குகின்றது என்பதை அறிய விரும்புவோர் அதன் சட்ட நூல்களைப் புரட்டினால் மட்டும் போதாது. அதன் விண்ணப்பப் படிவங்களையும் வாசித்தல் வேண்டும். சட்டம் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. படிவமோ, அவ்வுரிமையைக் கேட்டு வருபவன் யார், அவன் சொல்வது மெய்தானா என்று விசாரிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கலைப்பொருளாகக் கொண்ட படைப்புகள் மிகச் சில. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, 2016ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டுக் கான் திரைப்பட விழாவின் உயர் விருதான தங்கப் பனையைப் பெற்ற ‘நான், டேனியல் பிளேக்’ என்னும் ஆங்கிலத் திரைப்படமாகும். பிரித்தானியாவின் முதுபெரும் இடதுசாரிக் கலைஞரான கென் லோச் இதனை இயக்கினார். போல் லாவட்டி திரைக்கதை எழுதினார். 1966ஆம் ஆண்டிலேயே வீடற்ற குடும்பமொன்றின் அவலத்தைத் தொலைக்காட்சி நாடகமாக்கி, நாட்டையே பேசவைத்தவர் லோச் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

இப்படத்தை இன்று நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை ஆசிரியர்களாய் உள்ள நம்மிற் பலர், கடந்த சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் அயலவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களாகவும் ஆகியிருக்கின்றோம். அவ்வேலைக்கு இடையில், நண்பர் சிலர் கூடி இப்படத்தைப் பார்த்தோம். பார்த்து முடிந்ததும் எழுந்த விவாதமே இக்கட்டுரைக்கு அடிப்படை.

கதை எளியது. நியூகாசில் நகரத்துத் தச்சுத் தொழிலாளி டேனியல் பிளேக். வயது ஐம்பத்தொன்பது, மனைவியை இழந்தவர். வேலைத்தலத்தில் மாரடைப்பு ஏற்படுகிறது. இன்னும் வேலைக்குத் திரும்பலாகாது என்று வைத்தியர் கூறுகின்றார். ஆனால் நோயாளருக்குரிய உதவித்தொகையைத் தீர்மானிப்பவர் அந்த வைத்தியர் அல்லர். ஒரு மதிப்பீட்டாளர் வினாக்களைக் கேட்டுப் புள்ளி இடுகின்றார். பதினைந்து புள்ளிகள் தேவை. டேனியலுக்குக் கிடைத்தவை பன்னிரண்டு. எனவே அவர் வேலை செய்யத் தகுதியுடையவர் என்று கடிதம் வருகிறது. மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கு முன்னர் மீள்பரிசீலனை நடைபெற வேண்டும், அதற்கும் முன்னர் ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தாக வேண்டும். அந்த அழைப்புக்காகக் காத்திருக்க நேர்கிறது. இடைக்காலத்தில் உயிர்வாழ, வேலை தேடுவோருக்குரிய தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பெறுவதற்கு, தம்மால் ஏற்க முடியாத வேலையைத் தேடித் திரிந்ததாக வாரந்தோறும் நிரூபிக்க வேண்டும். ஒருவர் நேர்மையாகவே அவருக்கு வேலை கொடுக்க முன்வரும்போது, ‘நான் நோயாளி’ என்று மறுக்க நேர்கிறது. அந்த மனிதர் இவரைச் சோம்பேறி என்று இகழ்கின்றார். உண்மை பேசுபவனைப் பொய்யனாக்கும் ஏற்பாடு எத்தகையது என்பதை விளக்க இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

படத்தின் தொடக்கம் தனிக் கவனத்துக்குரியது. திரையில் உருவம் எதுவும் இல்லை. இருளில் இரு குரல்கள் மட்டும் கேட்கின்றன. கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியுமா, தொப்பி அணிய முடியுமா என்று ஒரு குரல் கேட்கிறது. என் கைகால்களில் குறையில்லை, என் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று மறு குரல் மன்றாடுகிறது. வினா எழுதியவனுக்கு இதயம் என்ற உறுப்பே தெரியாது. படிவம் என்பதன் இயல்பு இதுதான்: எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது, அந்த முடிவுக்குள் அடங்காத துன்பம் எழுதப்பட இடமின்றிப் போகிறது.

இதற்குப் பின்னணியில் உள்ள பொருளாதாரத்தையும் நாம் மறக்கலாகாது. வேலைத்திறன் மதிப்பீடு என்னும் இம்முறை 2008ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் புகுத்தப்பட்டது. மதிப்பிடும் பணி தனியார் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. முதலில் ஒரு பிரெஞ்சுக் கம்பனி, 2015 முதல் ஓர் அமெரிக்கக் கம்பனி. நோயாளியின் உடல் இலாபம் ஈட்டும் துறையாயிற்று. நிதி நெருக்கடிக்குப் பின் வந்த சிக்கன ஆட்சியில் நிபந்தனைகள் மேலும் இறுகின. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு பிரித்தானியாவைப் பற்றி விசாரித்து, உரிமைகள் பாரதூரமாகவோ முறைமையாகவோ மீறப்பட்டுள்ளன என்று முடிவு கூறியது. லோச் தம் கற்பனையால் எதையும் பெரிதுபடுத்தவில்லை என்பதற்கு இது சான்று.

அதிகாரிகளை அரக்கர்களாகச் சித்திரிக்காமை படத்தின் மற்றொரு சிறப்பு. கணினியைக் கையாளத் தெரியாது திண்டாடும் டேனியலுக்கு உதவ முன்வரும் ஆன் என்ற பெண் ஊழியரை, மேலதிகாரி கண்டிக்கின்றார். நல்ல மனம் அங்கே குற்றமாகிறது. கொடுமை தனிமனிதரின் குணத்தில் இல்லை, அமைப்பில் உள்ளது என்ற யதார்த்தவாதப் பார்வையே இது. பசியின் மிகுதியால் உணவு வழங்கும் நிலையத்திலேயே தகரப் பேணியைத் திறந்து கையால் அள்ளி உண்ணும் கேற்றி என்ற இளந்தாயின் காட்சி, நூறு பிரசங்கங்கள் செய்யாததைச் செய்துவிடுகிறது.

இது சீமையின் கதைதானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு நிலைமையைச் சற்று நோக்குவோம். வறியோருக்கான அரச திட்டங்களுக்கு இடப்பட்ட பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்லுகின்றன. 1989இல் வந்தது ஜனசவிய. மக்களின் வலிமை என்பது அதன் பொருள். 1995இல் சமுர்த்தி; செழிப்பு என்பது பொருள். 2022இன் பெரும் நெருக்கடிக்குப் பின், சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு கண்ட 2023இல் வந்தது அஸ்வெசும. அதன் பொருள் ஆறுதல். தமிழில் நாம் வழங்கும் ஆசுவாசம் என்ற சொல்லுக்கு அது உறவுச் சொல். வலிமையில் தொடங்கி, செழிப்பைக் கடந்து, ஆறுதலில் வந்து நிற்கிறோம். இம்மூன்று பெயர்களிலும் உரிமை என்ற சொல் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அஸ்வெசும திட்டத்தில் குடும்பமொன்றின் வறுமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்படுகிறது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு முதலியவற்றுக்குப் புள்ளி உண்டு. அப்புள்ளிகளைக் கொண்டு குடும்பங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வழங்கப்பட்டது. கீழிரு வகுப்பினருக்குக் காலவரையறை விதிக்கப்பட்டுப் பின்னர் அது நீடிக்கப்பட்டது. முதற் பட்டியல் வெளிவந்தவுடன் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. அதைவிட வருந்தத்தக்கது, பட்டியலில் இடம்பெற்ற பிறருக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கவும் மக்கள் அழைக்கப்பட்டமை. ஒரே முடுக்கில் வாழும் இரு வறியோர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை அதனால் உண்டாயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்குரிய கொடுப்பனவு தனியானது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 வீதத்தினர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் இடர்ப்பாடு உடையவர்கள். கொடுப்பனவு பெறுவோர் இவர்களுள் சிறு பகுதியினரே. ஊனம் இருந்தால் மட்டும் போதாது. குடும்பமும் வறியது என்று நிறுவ வேண்டும். இங்கேதான் கொழும்பின் தனிச் சிக்கல் எழுகிறது. வெள்ளவத்தையில் தமக்கையின் தொடர்மாடி வீட்டில் ஓர் அறையில் ஒதுங்கியிருப்பவரை, அந்த வீட்டுச் சுவரும் மின்சாரப் பட்டியலும் வசதி படைத்தவராகக் காட்டிவிடுகின்றன. கடல் கடந்த மைத்துனர் எப்போதோ அனுப்பும் பணம் வருமானமாக எழுதப்படுகிறது. மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதற்காக வேலையை விட்ட தாயின் இழப்பு எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

நம் மாணவர் ஒருவரின் தமையன் பிறப்பிலிருந்தே பெருமூளை வாதத்தால் நடக்க இயலாதவர். தகவல்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூறப்பட்டபோது, ஓர் அலுவலகத்தில் அவருடைய தாயிடம் கேட்கப்பட்ட கேள்வி: இப்போது நிலைமையில் மாற்றம் உண்டா? அத்தாய் நேர்மையானவர், முன்னைவிட இப்போது நன்றாகச் சிரிக்கிறான் என்று பதில் கூறினாராம். அது முன்னேற்றம் என்று குறித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் வந்த கடிதமோ அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி ஆயிற்று. ஆனால் மறுப்புக்கான காரணத்தைத் தன் மொழியில் அறிய முடியாதவருக்கு மேன்முறையீட்டு உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

இனி, படத்திற்குத் திரும்புவோம். அதன் குறையும் இவ்விடத்தில்தான் நமக்குப் புலனாகிறது. டேனியல் பிளேக் மிக நல்லவர். நாற்பது ஆண்டு உழைத்தவர், கைத்திறன் மிக்கவர், அயலாருக்கு உதவுபவர், ஒரு சதமும் ஏமாற்றாதவர். இத்தகைய மனிதனுக்கா இந்தக் கதி என்று நாம் பதறுகிறோம். பதற்றம் நியாயமானதே. ஆனால் அப்பதற்றத்துக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. டேனியல் சற்றுக் குடிப்பவராக, முரடராக, ஒரு நாளும் வேலை செய்யாதவராக இருந்திருப்பின் அவருக்கு உரிமை இல்லையா? உழைத்தவன் என்பதால் உண்ணத் தகுதியுடையவன் என்று சொல்லும்போது, தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்த பழைய முதலாளித்துவ ஒழுக்கத்தையே நாமும் மறுவாசல் வழியாக ஏற்றுக்கொள்கிறோம். பிறந்த நாள் முதல் ஓர் ஆணியும் அடித்திராத, இனி அடிக்கவும் போகாத அந்த இளைஞனுக்காக வாதாட இப்படம் நமக்குச் சொல் தரவில்லை.

இரண்டாவது குறை, டேனியலின் எதிர்ப்பு தனிமனித எதிர்ப்பாகவே நின்றுவிடுவது. அலுவலகச் சுவரில் தம் பெயரை எழுதிக் கோரிக்கை வைக்கின்றார். வீதியில் நிற்போர் ஆரவாரம் செய்கின்றனர். பொலிசார் வந்ததும் காட்சி முடிகிறது. தொழிற்சங்கப் பாரம்பரியம் மிக்க அந்நகரில் சங்கத்தின் நிழல்கூடத் தெரியவில்லை. மேன்முறையீட்டு நாளன்றே டேனியல் இறந்துபோவதும் அவ்வாறே. இறப்பு நம் கண்ணீருக்கு ஒரு முடிவைத் தந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலோர் இறப்பதில்லை. அடுத்த மீளாய்வுக்குக் காத்திருந்து வாழ்கின்றனர். அந்தக் காத்திருப்பே எழுதப்பட வேண்டிய இலக்கியம்.

நம் இலக்கியத்தை நோக்கினால் இப்பிரச்சினையின் வளர்ச்சியைக் காணலாம். மணிமேகலையில் ஆபுத்திரன், மதுரையில் வீடுதோறும் இரந்து பெற்ற உணவைக் கண்ணற்றோருக்கும் செவியற்றோருக்கும் முடவருக்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அவன் யாரையும் மதிப்பிடவில்லை. ஆயினும் அது அறம்; கொடுப்பவனின் கருணையைச் சார்ந்தது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், தம்மை நேரிற் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். கேட்பவனுக்கும் மானம் உண்டு, அவனைக் கண்டு பேசிய பின்னரே கொடுக்க வேண்டும் என்று அன்றே ஒரு புலவர் வற்புறுத்தினார். ஆயினும் அது பரிசில். புலவனின் திறமையைச் சார்ந்தது. கருணையையும் திறமையையும் சாராது, மனிதனாய்ப் பிறந்தமை ஒன்றையே சார்ந்தது உரிமை. தொழிலாளர் இயக்கங்களின் போராட்டமும், மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்திய போராட்டமும் அதனை உலகச் சட்டமாக்கின. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமைகளைப் பாதுகாப்பதாகக் கூறுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சட்டத்தில் உரிமையாய் இருப்பதைப் படிவம் மீண்டும் பிச்சையாக்குகிறது. இதுவே நம் முடிபு.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது என்ன? படிவம் நிரப்பிக் கொடுப்பது நற்பணிதான். ஆனால் அத்தோடு நின்றால் நாமும் கருணையாளரின் வரிசையில் சேர்ந்துவிடுவோம். விண்ணப்பத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் மக்களுக்குக் கற்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், ஒரு முடிவினால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைக் கூறுமாறு உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்துகிறது. அக்காரணத்தைத் தமிழிலேயே கேட்போம். மாறாத நிலைமையை மீண்டும் மீண்டும் நிரூபிக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தவும், கொடுப்பனவைக் குடும்பத்தின் வறுமையோடு பிணைக்காது மாற்றுத்திறனாளியின் தனியுரிமையாக வழங்கவும் ஆசிரியர் சங்கங்கள் கோர வேண்டும். வெள்ளவத்தைத் தமிழரின் கோரிக்கையாக மட்டும் இது நின்றுவிடலாகாது. தன் மொழியிலேயே வந்த கடிதத்தையும் புரிந்துகொள்ள இயலாது திகைக்கும் சிங்கள உழைப்பாளியும் இதே வரிசையில்தான் நிற்கின்றார்.

டேனியல் தன் பெயரைத் தனியாக எழுதினார். நாம் பலருடைய பெயர்களைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.