மிதிவண்டிக் குறிப்புகளில் நிலமும் பொழுதும்

‘டாக்கிங் ஹெட்ஸ்’ இசைக்குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற டேவிட் பைர்ன் 1952-இல் பிறந்தவர். 1980-களின் தொடக்கம் முதல் நியூயார்க்கு நகரில் மிதிவண்டியில் சென்று வந்த அவர், பின்னர் மடக்கு மிதிவண்டி ஒன்றை இசைப் பயணங்களிலும் உடன்கொண்டு சென்றார். அப் பட்டறிவின் பயனாக 2009-இல் வெளிவந்த நூலே ‘பைசிகிள் டயரீஸ்’.

அரங்கும் விடுதியும் மட்டுமே கண்டு மீளும் இசைவாணர்க்குப் புலனாகாதன இவர்க்குப் புலனாகின்றன. டெட்ராயிட்டில் பாழ்பட்ட தெருக்களைக் காண்கின்றார். மணிலாவில் இமெல்டா மார்க்கோசின் வாழ்க்கைச் சுவடுகளைத் தேடுகின்றார். அத்தேடல் 2010-இல் ‘ஹியர் லைஸ் லவ்’ என்னும் இசைத்தொகுப்பாக மலர்ந்தது. நடப்பவரினும் விரைந்தும், காரில் செல்பவரினும் மெல்லவும் செல்வார்தம் பார்வையே இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், குறை ஒன்று உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. இந்நூலின் இயல்களோ பெர்லின், இசுதான்புல், இலண்டன் என நிலத்தால் பகுக்கப்பெற்றன. வெவ்வேறு காலத்துக் குறிப்புகள் ஓர் ஊர்ப்பெயரின்கீழ்த் திரளுங்கால் பொழுது மறைகின்றது. அது மறையவே, நடுவயதைக் கடப்பவரின் அகமாற்றமும் உடன் மறைகின்றது. நகரங்கள் மாறுவதைக் காண்கின்றோம்; காண்பவர் மாறுவதைக் காண்கின்றிலோம். தம்மைப் பேசாமையே ஆசிரியர் கருத்தெனின், நாட்குறிப்பு என்னும் பெயர் பொருந்துமாறு இல்லை.

நகர ஆராய்ச்சியாகக் கொள்ளின் இந்நூல் நிறைவு தரும். தன்வரலாறாகக் கொள்ளின் பாதி வழியே நிற்கும் என்பது எம் துணிபு.