சுருங்கிய பேஜில் ஓர் அப்டேட்

டேபிள் கம்ப்ரஷன் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் விகிதத்தைத்தான் கேட்கிறார்கள். பாதியானதா, மூன்றில் ஒன்றானதா என்று. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. யாரும் தொடாத பழைய இன்வாய்ஸ் டேபிளை எந்த என்ஜினும் சுருக்கிவிடும். சுருங்கிக் கிடக்கும் பேஜின் மேல் ஓர் அப்டேட் வந்து விழுகிறதே, அப்போதுதான் என்ஜினின் கைநயம் தெரியும்.

அந்த இடத்தில் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ஜினுக்கு நிகராக நான் எதையும் பார்த்ததில்லை. 16 கேபி பேஜை 8 கேபிக்குள் அடக்குகிறது, ஸீலிப் நூலகம்தான் வேலை செய்கிறது. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அது பிழிவதில்லை. டிரான்ஸாக்‌ஷன் ஐடி, ரோல்பேக் பாயிண்டர், டெலீட் மார்க் எல்லாம் பேஜின் கடைசியில் சுருக்கப்படாமலேயே நிற்கும். அடிக்கடி மாறுபவை எவை என்று யோசித்து ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு ரோவை டெலீட் என்று குறிக்க பேஜை மறுபடி சுருக்க வேண்டியதே இல்லை.

சுருங்கிய பகுதிக்கும் இந்த வால் பகுதிக்கும் நடுவே மிஞ்சும் இடம்தான் மாடிஃபிகேஷன் லாக். நான் உருகுவது இதற்குத்தான். புதிய இன்சர்ட், மாறிய ரோ எல்லாம் அங்கே போய் அமரும். ஒவ்வொரு வரவுக்கும் பேரேட்டைத் திருப்பி எழுதாமல், ஓரத்தில் குறித்துக்கொண்டே போய், இடம் தீர்ந்தபின் புதுப் பேரேடு போடும் கணக்குப்பிள்ளையின் பொறுமை அதில் இருக்கிறது. லாக் நிரம்பினால் மறுபடி சுருக்கும். 8 கேபிக்குள் அடங்காவிட்டால்தான் பேஜை இரண்டாகப் பிளக்கும். மைஎஸ்க்யூஎல் 5.6 பதிப்பில் இன்னும் ஒரு நுணுக்கம் சேர்ந்தது. ஓர் இண்டெக்ஸில் சுருக்கத் தோல்வி 5 சதவீதத்தைத் தாண்டினால், அந்த இண்டெக்ஸின் பேஜ்களை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காலியிடம் விட ஆரம்பித்துவிடும்.

பஃபர் பூலில் ஒரே பேஜுக்குச் சுருங்கியதும் விரித்ததுமாக இரண்டு பிரதி, மெமரி வீண் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் டிஸ்க் திணறும்போது இன்னோடிபி விரித்த பிரதியை மட்டும் வெளியேற்றிச் சுருங்கியதை வைத்துக்கொள்கிறது. சிபியு திணறும்போது இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது. இந்த விவேகத்துக்காக அந்த மெமரியைக் கொடுக்கலாம்.

ஆரக்கிள் ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிளாக்குக்குள்ளேயே சிம்பல் டேபிள் வைத்து, முழு பிளாக்கையும் விரிக்காமல் ரோவைப் படிப்பது அழகான யோசனைதான். ஆனால் 9ஐ காலத்தில் மொத்தமாக லோட் செய்யும் தரவுக்கு மட்டுமே அது பலித்தது. சாதாரண இன்சர்ட்டுக்கு 11ஜி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிபி2வின் 9ஆம் பதிப்பு டேபிள் முழுமைக்கும் ஒரே அகராதி வைத்தது. தரவின் போக்கு மாறினால் அகராதி பழசாகிவிடும். 10.1இல் பேஜுக்குப் பேஜ் தனி அகராதியையும் சேர்த்தார்கள்.

என்னால் ரசிக்கவே முடியாதது மைஎஸ்க்யூஎல் 5.7இன் ஹோல் பஞ்ச் முறை. பேஜை எழுதும்போது சுருக்கிவிட்டு, மிச்ச இடத்தை ஃபைல் சிஸ்டத்தின் தலையில் கட்டுவது. 4 கேபி பிளாக் உள்ள டிஸ்க்கில் பேஜ் 12 கேபியைக் கொஞ்சம் தாண்டினாலும் மிச்சம் ஒன்றுமில்லை. சுருக்கிய உழைப்பு அத்தனையும் வீண்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் எல்லா டேபிளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சுருங்கிய பேஜின் அளவு 4 கேபி என்று போட்டிருந்தார்கள். சுருக்க முயன்ற எண்ணிக்கையும் வெற்றி எண்ணிக்கையும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று அந்த அக்கறை இன்னும் தேய்ந்துவிட்டது. இடம் போதவில்லையா, ஒரு கிளிக்கில் பெரிய டிஸ்க். எந்த இண்டெக்ஸ் ஏன் பிளக்கிறது என்று கேட்க ஆளில்லை.

ஃபேஸ்புக் தன் முக்கியத் தரவைப் பல வருடம் இன்னோடிபி கம்ப்ரஷனில்தான் வைத்திருந்தது. பிறகு மைராக்ஸ் என்ஜினுக்கு மாறியபோது இடம் ஏறக்குறைய பாதியானது. மறுக்கவில்லை. ஆனால் எழுதிய ஃபைலைத் திரும்பத் தொடாத அமைப்புக்குச் சுருக்கம் சுலபம். இருந்த இடத்திலேயே மாற்றியாக வேண்டிய பி-ட்ரீயில் அதைச் செய்து காட்டியது இன்னோடிபி. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் 10.6 பதிப்பு இப்படிச் சுருக்கிய டேபிள்களைப் படிக்க மட்டும் என்று ஆக்கியபோது எனக்கு வலித்தது. 10.6.6இல் எழுதும் உரிமையைத் திருப்பித் தந்தார்கள்.