ஒன்றுமில்லாத இடத்தின் வேலைப்பாடு

கணினித் திரையில் பின்னணியோடு ஒட்டாமல் தனியே நகரும் சிறு படத்தை ஸ்பிரைட் என்பர். ஓர் உருவத்தின் பல அசைவு நிலைகளைத் தனித்தனிக் கோப்புகளாகச் சிதறவிடாமல் ஒரே பெரிய படத்துக்குள் கட்டம் கட்டமாக அடுக்கிவைத்தால் அது ஸ்பிரைட் ஷீட் எனப்படும். பார்ப்பதற்கு இது வெறும் அடுக்கு வேலையாகவே தோன்றும். எனினும் நல்ல ஷீட்டையும் மோசமான ஷீட்டையும் பிரித்துக் காட்டுவது வரையப்பட்ட உருவம் அன்று. அதைச் சுற்றி விடப்பட்ட ஒன்றுமில்லாத இடம் எவ்வளவு கவனமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்பதே.

பல சிறு படங்களை ஒரே தாளில் ஏற்றும் வழக்கம் அச்சுத் தொழிலில் நெடுநாளாக இருந்துவருவது; தீப்பெட்டி லேபிள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடசென்னையில் டோல்கேட் மெட்ரோ நிலையத்துக்கு வடக்கே, அதே தடத்தில் அமைந்துள்ள விம்கோ நகர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தையே தன் பெயராகக் கொண்டது. தீப்பெட்டி லேபிள்களை ஒரு தாளில் வரிசை வரிசையாக அச்சிட்டுப் பின்னர் வெட்டும்போது, கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் பக்கத்து லேபிளின் வண்ணம் ஒட்டிக்கொண்டு வராதபடி இடைவெளி விடுவது அச்சகத்தாரின் கணக்கு. ஸ்பிரைட் ஷீட்டிலும் அதே கணக்குதான்; வெட்டுவது மட்டும் கணினியின் வரைகலைச் செயலி. அது ஒரே ஷீட்டிலிருந்து நொடிக்குப் பல முறை வேண்டிய கட்டத்தை எடுத்துத் திரையில் இடுகிறது.

தாளில் இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளோடு, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறிக்கும் நான்காவது அளவாகிய ஆல்ஃபாவும் சேர்ந்திருக்கிறது. அதன் மதிப்பு 0 எனில் பின்னால் உள்ளது முழுவதும் தெரியும், 255 எனில் ஒன்றும் தெரியாது. இத்தகைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இசைக்கும் கணிதத்தை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் முறைப்படுத்தினர். 1996-இல் வெளிவந்த பிஎன்ஜி கோப்பு வடிவம் ஆல்ஃபாவை அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடுக்கும் பணிக்குப் பெரிதும் பயன்படும் இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருள், ட்யூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கியது. அதில் உள்ள ‘மாண்டாஜ்’ என்னும் கட்டளையை, சுட்டியைத் தொடாமல், ஒரே வரியாகத் தட்டச்சு செய்தே இயக்கலாம்.

டோல்கேட்டைக் கடந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊரும் ஒரு கன்டெய்னர் லாரியை, சக்கரம் சுழலும் எட்டு நிலைகளில், கண்ணாடி பாதி ஒளிபுகுமாறும் பின்னால் புகை எழுமாறும் ஓர் ஓவியர் வரைவதாகக் கொண்டால், இக்கட்டளையின் நுட்பம் விளங்கும். அளவு எதுவும் சொல்லாவிட்டால் மாண்டாஜ் ஒவ்வொரு படத்தையும் 120 பிக்சலுக்குள் சுருக்கிவிடும். பின்னணி வேண்டாம் என்று தனியே சொல்லாவிட்டால் வெள்ளையைப் பூசிவிடும். ஆகவே தேர்ந்தவர் ஒவ்வொரு நிலையையும் 252-க்கு 124 பிக்சலில் வரையச் செய்து, சுற்றிலும் 2 பிக்சல் வெற்றிடம் விட்டு, வரிசைக்கு நான்காக அடுக்கச் சொல்வார். அப்போது ஒரு கட்டம் 256-க்கு 128 ஆகி, முழு ஷீட் 1024-க்கு 256 என்று, இரண்டின் அடுக்குகளையே விரும்பிய பழைய வரைகலைச் செயலிகளுக்கும் ஒத்த அளவில் கச்சிதமாக அமைகிறது. கோப்பு வட்டில் எவ்வளவு சுருங்கிக் கிடந்தாலும், நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட்டாக 10,48,576 பைட் பிடிக்கும் என்பதும் அவர் மனக்கணக்கில் இருக்கும்.

புகைதான் சோதனைக்களம். வீணாகும் ஓரங்களை நறுக்கிவிடும் ‘டிரிம்’ என்னும் விருப்பத்தைச் சிக்கனம் கருதிச் சேர்த்தால், புகை குறைந்த படம் குறுகலாகவும் புகை மிகுந்த படம் அகலமாகவும் நறுக்கப்படும். மாண்டாஜ் ஒவ்வொன்றையும் கட்டத்தின் நடுவில் வைக்கும் இயல்புடையதாதலால், ஓடவிட்டுப் பார்க்கும்போது லாரி முன்னும் பின்னும் துள்ளும். வெறுமையாகக் கிடந்த அந்த ஓரமே லாரியை அதன் இடத்தில் நிறுத்திவைத்திருந்தது. நறுக்கத்தான் வேண்டுமெனில், எங்கிருந்து எவ்வளவு நறுக்கப்பட்டது என்ற ஆயத்தொலைவுகளைத் தனிக் கோப்பில் எழுதி உடன் வைக்க வேண்டும்.

இதினும் நுட்பமானது, முழுவதும் ஒளிபுகும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு என்பது. பின்னணியை நீக்கி அடுக்கிய ஷீட்டில் அந்நிறம் பெரும்பாலும் கறுப்பு. படத்தைப் பெரிதாக்கும்போது வரைகலைச் செயலி பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுப்பதால், கண்ணுக்குத் தெரியாத அக்கறுப்பு லாரியின் ஓரத்தில் அழுக்குக் கோடாகக் கசியும். வெற்று இடத்துக்கு அண்டை நிறத்தைப் பூசி ஆல்ஃபாவை மட்டும் 0-ஆக வைப்பது ஒரு பரிகாரம். நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி வைப்பது மற்றொன்று. பிஎன்ஜி வடிவம் பெருக்காத நிறத்தையே சேமிப்பதால், இரண்டாவது வழியை நாடுவோர் படத்தை ஏற்றும் வேளையில் அப்பெருக்கலைச் செய்துகொள்கின்றனர்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். 1, 2, 10 என்று எண்ணிட்டால் எழுத்து வரிசையில் 10 என்பது 2-க்கு முன் வந்து அசைவைக் குலைக்கும். 01, 02 என்று இட்டால் அத்தொல்லை இல்லை. இத்தகைய முடிவுகள் எல்லாம் எழுதப்பட்ட ஒரு வரியில் நிலைத்துவிடுவதே கட்டளை வரியின் தனிச்சிறப்பு. ஓவியர் கன்டெய்னரின் நிறத்தை மாற்றினால், அதே வரியை மீண்டும் இயக்க, அதே இடைவெளியோடு புதிய ஷீட் உருவாகிறது. அவ்வரியைப் படிக்கும் இன்னொருவர், செய்தவரின் கணக்கு முழுவதையும் அறிந்துகொள்கிறார்.

ஷீட்டை எடைபோட விரும்பும் ரசிகர் அதைக் கறுப்பு, வெள்ளை, நடுத்தரச் சாம்பல் ஆகிய மூன்று பின்னணிகளின்மேல் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நலம். வெள்ளையில் கறுப்பு ஓரமும் கறுப்பில் வெள்ளை ஓரமும் அம்பலமாகும். சாம்பலில் புகையின் படிப்படியான மறைவு சீராக இருக்கிறதா என்பது தெரியும். மூன்றிலும் குறையின்றி நிற்கும் ஷீட்டில், வரைந்த கைக்கு நிகரான கவனத்தோடு அடுக்கிய கையும் உழைத்திருக்கிறது.